பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் நின்றுபோனது. அதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “புதுசு வாங்கணுமா?” ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்ல நேரம் போதவில்லை, அதனால்தான் இந்த மடல்.

விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். காந்தி ரோடு லாட்ஜுகளிலும் லாங் பஜார் கடைகளிலும் நாங்கள் சர்வீஸ் பார்க்கும் மெஷின்களில் பல அதற்கு முந்தியவை. வயசுதான் குறை, மற்றபடி நன்றாகவே ஓடுகின்றன.

அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறோம். சாஃப்ட்வேருக்குக் காசு கிடையாது. 4 ஜிபி ராம் போதும். கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது, தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சும் செய்யலாம். எங்கள் கூலி 600 ரூபாய். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் அது தனிச் செலவு. அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதலில் எங்கள் பில்லிங் கம்ப்யூட்டரைத்தான் மாற்றினோம். முதல் மாசமே ஒரு வம்பு. கணக்கு ஃபைலை அனுப்பினால் ஆடிட்டர் போனில் திறக்கவில்லை. பார்த்தால், லிப்ரே ஆபீஸ் தன் வழக்கப்படி, தன் சொந்த வடிவமான ஓடிஎஸ்ஸில் சேமித்திருக்கிறது. செட்டிங்கில் ஒரே ஒரு தடவை எக்ஸெல் வடிவத்துக்கு மாற்றி வைத்தோம், தீர்ந்தது. இப்போது யாருக்குப் போட்டாலும் அதையும் செய்துதான் கொடுக்கிறோம். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், இப்போதைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓடுகிற மெஷினில் கை வைக்க வேண்டாம், டேலி விண்டோஸுக்கென்றே செய்தது. போட்டோஷாப்பில் ஆல்பம் போடும் ஸ்டுடியோக்காரர்களுக்கும் அதே பதில். அதற்குப் பதிலாக லினக்ஸில் கிடைக்கும் ஜிம்ப் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் கல்யாண சீசனில் கை பழகிய ஷார்ட்கட்டை மறக்கச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவும் லினக்ஸில் மக்கர் பண்ணும்.

“ஐநூறு ரூபாய்க்கு எம்எஸ் ஆபீஸ் போட்டுத் தர்றாங்களே” என்றும் சிலர் கேட்கிறார்கள். அது கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாத திருட்டு காப்பி. அதோடு வைரஸையும் ஏற்றிக்கொண்டு, ஃபைலை மீட்டுத் தரச் சொல்லி எங்களிடமே வருகிறார்கள். நாங்கள் போடுவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், பிரிண்டரையும் சேர்த்து. டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிக் காட்டுகிறோம். உங்கள் பில் ஒன்றைத் திறந்து, ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா, சரி, அப்படியே எடுத்துப் போகலாம். அதற்குக் காசு இல்லை. பிடித்திருந்தால் பேக்கப் எடுத்துக்கொண்டு மறுநாள் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை லீவு.

உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை,
தோட்டப்பாளையம், வேலூர்