இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு, ஓவியம், வினாடி வினா என எல்லாவற்றிலும் பிள்ளைகள் பரிசு பெற்றிருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். குடிநீர்த் தொட்டியும் சுத்தம் செய்யப்பட்டுவிட்டது.

ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்பினர் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்திலிருந்து சில காட்சிகளை ஆங்கிலத்தில் நடிக்கிறார்கள். 1914இல் லண்டன் மேடையைக் குலுக்கிய நகைச்சுவை நாடகம் அது. தெருவில் பூ விற்கும் எலைசாவின் கொச்சைப் பேச்சைத் திருத்திச் சில மாதங்களில் சீமாட்டியாக்கிக் காட்டுகிறேன் என்கிறார் பேராசிரியர் ஹிக்கின்ஸ். கடைசி அங்கத்தில் எலைசா, தன் சுயமரியாதை தொடங்கியது அந்தப் பாடங்களால் அல்ல, ஹிக்கின்ஸின் வீடு இருக்கும் விம்போல் ஸ்ட்ரீட்டுக்கு வந்த முதல் நாளே அவருடைய நண்பர் கர்னல் பிக்கரிங் தன்னை ‘மிஸ் டூலிட்டில்’ என்று மரியாதையாக அழைத்ததால்தான் என்கிறாள்.

ஒத்திகையில் அந்த வசனத்தைச் சொன்ன மாணவி, ‘இஸ்ட்ரீட்’ என்றுவிட்டாள். பிள்ளையை அழைத்துப்போகக் காத்திருந்த யாரோ அதை ஜன்னல் வழியாகக் கைபேசியில் பதிவு செய்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மறுநாள் பள்ளிப் பேருந்தில் அதுவே அவளுக்குப் பட்டப்பெயர்.

விளையாட்டாகச் செய்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஆசிரியர்களிலும் ‘இஸ்கூல்’ என்பவர்கள் உண்டு. பாடம் நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் வேடத்தை ‘நல்ல உச்சரிப்புள்ள’ வேறு பிள்ளைக்கு மாற்றுமாறு சிலர் கேட்டிருப்பதால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வேடம் மாறாது. அந்தப் பதிவை இன்றே நீக்கிவிடுங்கள். இனி ஒத்திகை நேரத்தில் பெற்றோருக்கு வாயிற்கதவு வரைதான் அனுமதி. பேருந்தில் கேலி தொடர்ந்தால், கேலி செய்யும் பிள்ளையோடு பெற்றோரும் என் அறைக்கு வர வேண்டியிருக்கும்.

அடுத்தவர் பேச்சைத் திருத்தும் ஹிக்கின்ஸுக்கே, வாயை அடக்குங்கள், காலை உணவின்போது அங்கியில் கை துடைக்காதீர்கள் என்று வீட்டு நிர்வாகி மிஸஸ் பியர்ஸ் பாடம் எடுக்கும் காட்சியும் உண்டு. முன்வரிசையில் அமர்ந்து ரசியுங்கள்.

உடைகள் தைத்துத் தந்தவர்களுக்கும், வயலட் பூ கிடைக்காததால் இரவு விழித்துக் காகிதப் பூக்களால் கூடையை நிரப்பிய தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஒத்திகை மாலை 5 மணிக்கு முடியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்