டாலரைக் கண்டதும் கரைந்துவிடுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதற்காக அமெரிக்காவில் அரசு தரும் ஊக்கத்தொகைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல விஷயத்தைத்தான் எடுத்திருந்தார் கட்டுரையாளர். ஆனால் நடுவே ஒரு வரி: “வீட்டுக்காரர்களின் தயக்கமெல்லாம் டாலரைக் கண்டதும் கரைந்துவிடும்.” சியாட்டிலில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பவள் நான். கரைவதற்காக நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கட்டுரையாளர் மெச்சிய, எங்கள் வாஷிங்டன் மாநிலம் வீட்டுக்காரர்களுக்கு ஈடு தரும் நிதி 2018ல் வந்தது. அது சிறையிலிருந்து வந்தவர்களுக்கென்று தனியாக வந்ததல்ல. வாடகை உதவி பெறுகிறவர் யாராக இருந்தாலும் பொருந்தும். குடிவைக்கும் முன் வீட்டை ஆய்வு செய்து சொல்லும் பழுதுகளைச் சரிசெய்ய 1,000 டாலர் வரை, அதுவரை இழந்த வாடகையில் 14 நாள் வரை, காலி செய்த பிறகு சேதம் இருந்தால் 5,000 டாலர் வரை கிடைக்கும். குறை சொல்ல மாட்டேன், இருக்க வேண்டிய நிதிதான். ஆனால் வாசலுக்கு வருகிறவரைத் தடுப்பது எது என்பதைக் கட்டுரையாளர் யாரிடமாவது கேட்டாரா?

என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் அந்த மனிதரின் விஷயம் என்னிடம் வந்தது. வயது ஐம்பதைத் தாண்டியவர், தண்டனைக் காலம் முடியும் தறுவாய். முகவரி ஒன்றைக் காட்டி அதற்கு ஒப்புதல் வாங்கினால் கொஞ்சம் முன்பே வெளியே வரலாம் என்றார்கள். சரி என்று என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒப்புதல் என்பது எப்படிப்பட்ட சமாசாரம் என்று. கண்காணிப்பு அதிகாரி வந்து பார்க்க வேண்டும். வந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்தவருக்குக் கோப்பு வந்து சேரவில்லை. நான் விட்ட வாய்ஸ்மெயில்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வானொலி நாடகமே போட்டிருக்கலாம். வீடு பூட்டியே கிடந்தது. அவர் உள்ளே கிடந்தார். வெளியே வரத் தகுதி வந்த பிறகும், முகவரிக்கு ஒப்புதல் இல்லை என்பதற்காக ஒரு மனிதர் உள்ளேயே இருக்கிறார். அதற்கு அரசு செய்யும் செலவு என் வாடகையைவிட அதிகம். எனக்கு ஊக்கத்தொகை தருவதற்கு முன், தொலைபேசியை எடுக்க ஒரு ஆளைப் போடக்கூடாதா?

கடைசியில் ஒருவழியாக வந்து என் வீட்டில் குடியேறினார். மாநிலச் சிறைத்துறை தரும் வாடகை உதவிச் சீட்டு சில மாதங்களுக்குத்தான். நான் போடுவதோ ஓராண்டு ஒப்பந்தம். மீதி மாதங்களை யார் பார்ப்பது? அவருக்கு வேலை கிடைக்க வேண்டும். அதற்கும் ஒரு ஊக்கம் வைத்தார்கள். சிறையிலிருந்து வந்தவரை ஓராண்டுக்குள் வேலைக்கு எடுத்தால் முதலாளிக்கு வரிச்சலுகை என்று 1996லேயே கொண்டுவந்தார்கள், பின்னால் அதை 2,400 டாலர் வரை உயர்த்தினார்கள். எல்லா முதலாளிகளும் கரைந்துவிட்டார்களா? என் குடித்தனக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

சட்டத்தின் கதை இன்னும் அழகு. 2017ல் சியாட்டில் நகரம், குடிவர விண்ணப்பிப்பவரின் குற்றப் பின்னணியைப் பற்றி வீட்டுக்காரர் கேட்கவே கூடாது, அதைக் காரணம் காட்டி மறுக்கவும் கூடாது என்று சட்டம் போட்டது. வழக்கு நடந்து 2023ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கேட்கக் கூடாது என்ற பகுதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று தள்ளிவிட்டு, மறுக்கக் கூடாது என்ற பகுதியை மட்டும் செல்லும் என்று விட்டுவிட்டது. ஆகக் கேட்கலாம், தெரிந்துகொள்ளலாம், அதன்பின் தெரியாததுபோல இருக்க வேண்டும். இதையெல்லாம் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம். டாலர் கரைப்பதற்கே இடம் போதவில்லை போலும்.

வீட்டுக்காரர் என்றாலே பேராசை என்று எழுதுவது உங்கள் இதழுக்குப் புதிதல்ல. அதே இதழின் பின்பக்கங்களில் என்ன விளம்பரம் வருகிறது? “நம்மவர்களுக்கு மட்டும் வாடகைக்கு.” இந்த நாட்டில் 1968லிருந்து இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது. அப்படி விளம்பரம் கொடுத்தவர் மட்டுமல்ல, அச்சிட்டவரும் பதில் சொல்ல வேண்டும். இதை முன்பே எழுதினேன். நீங்கள் வெளியிட்டது, அட்டைப்படத்தைப் பாராட்டிய என் முதல் இரண்டு வரிகளை மட்டும். விளம்பரம் இன்றைக்கும் வருகிறது. நானும் ஒரு காலத்தில் ‘நம்மவர்’ ஒருவருக்கு விட்டுப் பார்த்தவள்தான். மென்பொருள் வேலை, நல்ல சம்பளம். சொல்லாமல் காலி செய்து போனபோது சமையலறை அலமாரிக் கதவுகள் எங்கே போயின என்பது இன்றுவரை தெரியாது. இப்போது இருப்பவருக்கு வேலை போன மாதங்களில் வாடகை தாமதமானது உண்மை. ஆனால் தாமதமாகும் என்று முன்கூட்டியே வந்து சொன்னார்.

இவ்வளவு கோபத்தோடு எழுதுவது வேறொன்றைக் கேட்பதற்காக. கட்டுரையின் பெட்டிச் செய்தியில், சிறை சென்றவர்களுக்கு மத்திய அரசின் ‘செக்‌ஷன் 8’ வாடகை உதவி கிடையாது என்று போட்டிருந்தீர்கள். தவறு. மத்திய விதிப்படி வாழ்நாள் தடை இரண்டு வகையினருக்குத்தான்: பாலியல் குற்றப் பதிவேட்டில் ஆயுள் முழுக்கப் பெயர் இருக்க வேண்டியவர்களுக்கும், அரசு உதவி பெறும் குடியிருப்பில் மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருளைத் தயாரித்ததாகத் தண்டனை பெற்றவர்களுக்கும். போதைப்பொருள் காரணமாக அப்படிப்பட்ட குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு மூன்றாண்டுத் தடை, அதற்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் விஷயத்தில் முடிவு பெரும்பாலும் அந்தந்த ஊர் வீட்டுவசதி முகமையின் கையில். என் குடித்தனக்காரரும் யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பமே போடாமல் இருந்தவர். காத்திருப்போர் பட்டியலில் எத்தனையோ பேர் அவருக்கு முன்னால் போய்விட்டார்கள்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இதைத் திருத்திப் போடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் வழக்கம்போல வெட்டிக்கொள்ளுங்கள், அலமாரிக் கதவையும் வாய்ஸ்மெயிலையும் எடுத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. அந்தத் திருத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சந்தாவை இன்னும் நிறுத்தாத வாசகி,
சியாட்டில்