பழவேற்காட்டு அக்காக்களுக்கு நன்றி

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் 11 அக்காக்களுக்கும், உங்களோடு எங்களைச் சேர்த்துவிட்டவர்களுக்கும் இந்த மடல்.

ஏரி எப்படி மாறிவிட்டது என்பதை நீங்களே படம் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டு வந்தோம். 1992-இல் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 62 கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்துத் தொடங்கிய வேலையின் வழியில் வந்த முறை இது. எடுத்தவரே படத்தைப் பற்றிப் பேசுவார். ஆராய்ச்சி அவர் பேச்சுக்குப் பின்னால் போகும்.

ஒரு நாள் பயிற்சி போதும் என்று நினைத்தோம். நான்கு நாள் ஆனது. ஏரியில் இறங்காத நாளுக்கு வருமானம் இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அதற்கு ஈடாகப் பணம் ஒதுக்கினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டும். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

பிடித்த இறாலைப் போடும் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும்போது கேமராவை எங்கே வைப்பது? ஒருவர் தடவ, இன்னொருவர் கரையில் நின்று எடுக்கலாம் என்று ஜோடி பிரித்தது நீங்கள்தான்.

படம் எடுக்கும் முன் அனுமதி கேட்கும் பயிற்சியை என்னால் மறக்க முடியாது. வலை காயப்போடுகிறவராக ஒருவர் நடித்து "வேணாம்" என்றார். கேமரா வைத்திருந்தவர் கெஞ்சினார். உடனே உங்களில் ஒரு பாட்டி எழுந்து, "வேணாம்னா விடு. நாளைக்கும் அவ மூஞ்சியிலதானே முழிக்கணும்?" என்றார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "குடிச்சிருக்கிறவன் சரின்னு சொன்னா எடுக்கலாமா?" என்று கேட்டார். எங்கள் ஒப்புதல் படிவத்தில் அதற்குப் பதில் இல்லை. அன்று ராத்திரியே திருத்தினோம். எடுக்க ஒரு அனுமதி, வெளியே காட்ட இன்னொரு அனுமதி என்று பிரித்ததும் அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

சனிக்கிழமைகளில் வகுப்பறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அங்கன்வாடி அக்கா, உப்புத் தண்ணீர் படாமல் கேமராவுக்கு உறை கட்டச் சொல்லிக்கொடுத்த ஸ்டுடியோ அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

வெளியே காட்ட வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கிய ஏழு படங்களும் உங்களிடமே இருக்கின்றன. எங்களிடம் பிரதி இல்லை.