குழி வெட்டப் பணம் உண்டு, தூர் வார இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைநீரோடு ஆற்றில் கலக்கும் மாசைத் தடுக்க உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கூடுதல் மானியம் வேண்டும் என்று தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். வேண்டியதுதான். ஆனால் அந்த மானியம் எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்ற இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டீர்கள். நான் உள்ளாட்சிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மானிய விண்ணப்பங்கள் எழுதியே காலத்தைக் கழித்தவன் என்றும் சொல்லலாம்.

ஆலைக் கழிவு என்றால் ஒரு குழாயைக் காட்டி வழக்குப் போடலாம். மழைநீர் மாசு சாலை, கூரை, வயல், வாகன நிறுத்தம் என்று எங்கிருந்தும் வருகிறது. டயர் தேய்மானத்திலிருந்து உருவாகும் ஒரு வேதிப்பொருள்தான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்பதே 2020-இல்தான் தெரிய வந்தது. நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்த ஒரு மழையில், வடிகால் வாயருகே நின்று 10 நிமிடத்துக்கு ஒரு கண்ணாடிப் புட்டியாக நீர் பிடித்தோம். முதல் புட்டி கன்னங்கரேல் என்றிருந்தது. மேலே எண்ணெய் வானவில் நிறத்தில் மிதந்தது. ஐந்தாவது புட்டிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துத் தெரிந்தது. அன்று வந்த அழுக்கில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே ஓடிவிட்டது.

அந்த முதல் நீரைத் தடுத்து மண்ணில் இறக்கத்தான் மணலும் சல்லியும் செடியும் கொண்ட ஊறல் குழிகளை மானியத்தில் அமைத்தோம். திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. இரண்டே ஆண்டில் ஒரு குழியில் நீர் நாள்கணக்கில் தேங்கி நின்று கொசு பெருகியது. திட்டமே தோல்வி என்று குடியிருப்போர் திட்டினார்கள். மண்வெட்டியால் சுரண்டிப் பார்த்தேன். மேலே இரண்டு விரல் தடிமனுக்கு வண்டல், தோல் போல இறுகியிருந்தது. அதற்குக் கீழே மணல் பொலபொலவென்று உலர்ந்து கிடந்தது. குழியில் ஒரு குறையும் இல்லை. சுரண்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். கூலி கேட்டு மேலே எழுதினேன். பராமரிப்புச் செலவு மானியத்தில் வராது, சொந்த நிதியில் பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. சொந்த நிதி இருந்தால் மானியத்துக்கு ஏன் கையேந்துகிறோம்?

அடுத்தது பங்குத் தொகை, அதாவது மானியம் பெறும் ஊர் தன் கையிலிருந்து போட வேண்டிய பணம். அமெரிக்கத் தூய நீர்ச் சட்டம் 1972-இல் வந்தபோது குழாய் முனைகளைத்தான் முதன்மையாகக் குறிவைத்தது. பரவலாக வரும் மாசுக்கென 319-ஆம் பிரிவைச் சேர்த்து மானியத்துக்கு வழி செய்தது 1987-இல்தான். அதிலும் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இப்படிப் பங்கு கேட்பதில் நியாயம் உண்டு. முழுப் பணமும் சும்மா வந்தால் பொறுப்பு வராது. ஆனால் தன் பங்கைப் புரட்ட முடியாத சிற்றூர் விண்ணப்பிக்கவே அஞ்சும். பல இடங்களில் மேல் ஓடையின் கரையில் இருப்பது அந்தச் சிற்றூர்தான். அங்கே தடுக்காமல் கீழே உள்ள நகரம் எத்தனை குழி வெட்டி என்ன பயன்?

ஜெர்மனியில் பல நகராட்சிகள் நீர் இறங்காதபடி மூடிய தரையின் பரப்பைக் கணக்கிட்டு மழைநீர்க் கட்டணம் வாங்குகின்றன. தரையைத் திறந்துவிட்டவருக்குக் கட்டணம் குறைகிறது. நகராட்சிக்கும் ஆண்டுதோறும் நிலையான வருவாய் கிடைக்கிறது. தொடங்கி வைக்க மானியம், தொடர்ந்து நடத்தக் கட்டணம் என்ற இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. கட்டணம் என்றாலே தேர்தல் பயம் வரும் என்பதும் தெரியும். அதுவரையிலாவது மானிய ஆணையிலேயே 10 ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கட்டும். ஏழை ஊர்களின் பங்கைப் பணமாகக் கேட்காமல் உழைப்பாக ஏற்கட்டும்.

அந்தக் குழியைப் பிறகு மூடி, மேலே சிமெண்ட் தளம் போட்டுவிட்டார்கள். அதற்கு எந்தத் தலைப்பிலோ நிதி கிடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளாட்சிப் பொறியாளர் ஒருவர்