நாய்க்குப் பின்னால் இருப்பவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புகைப்படங்களைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பசைத்தாள் ஆல்பங்கள் ஆகாது என்று எழுதியிருந்தது சரி. எங்கள் வீட்டு ஆல்பம் ஒன்று பத்துப் படங்களையாவது விழுங்கியிருக்கும். ஆனால் மங்கலான படங்களையும் நாய், பூனை படங்களையும் தயங்காமல் கழித்துவிடச் சொன்ன இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த யோசனைப்படி நடந்திருந்தால் என் மாணவப் பருவத்துக்குச் சாட்சியே மிஞ்சியிருக்காது.

பாலக்கோட்டை அடுத்த சிற்றூர் எங்களுடையது. 1984-இல் பாலக்கோட்டில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் உறவில் கேமரா வைத்திருந்தவர், ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருந்த மாமா ஒருவர்தான். அக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளுக்கு 12 படம். அதில் ஒன்பது மணிக்குப் போய்விடும். நேரத்தைச் சொல்லவில்லை, எங்கள் நாயின் பெயர் மணி. மிச்சம் மூன்று பூனைக்கு. பிள்ளைகளையும் எடேன் என்று அம்மா கேட்டால், "கேமராவைக் கண்டதும் போலீஸ்காரர் முன்னால் நிற்பதுபோல் விறைத்துக்கொள்கிறார்கள், நாய்க்கு அந்தக் கவலை இல்லை" என்பார் மாமா.

அந்தக் கேமராவில் மிகவும் கிட்டே போனாலும் படம் மங்கும், எதிரில் இருப்பது அசைந்தாலும் மங்கும். மணி வாலை ஆட்டிக்கொண்டே கேமராவை முகர வந்துவிடும். அதனால் பல படங்களில் நாய் புகைபோலக் கலைந்திருக்கிறது, பின்னால் இருக்கும் வீடு தெளிவாக விழுந்திருக்கிறது. ஒன்றில் திண்ணைச் சுவரில் சாய்த்துவைத்த என் சைக்கிளும் அதில் தொங்கும் தூக்குவாளியும். இன்னொன்றில் நான் வரைந்து சுவரில் மாட்டிய தருமபுரி மாவட்ட வரைபடம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான், அப்போது ஓசூரும் தளியும் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தன. தளிக்குப் பக்கத்தில் ஒரு மைக்கறை. அதற்காக வகுப்பில் வாங்கிய திட்டு, நாற்பது ஆண்டு கழித்து அந்தக் கறையைக் கண்டதும்தான் நினைவுக்கு வந்தது. பூனை படுத்திருக்கும் படத்தில் அதற்கு மெத்தை என் பரீட்சை அட்டை.

(பிற்பாடு எடுத்த கலர் படங்களெல்லாம் சிவந்து சாயம் போய்விட்டன. இந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.)

நான் சொல்ல வந்தது கடைசிப் படத்தைப் பற்றி. முன்னால் வழக்கம்போல மணி. பின்னால், வாசற்படியில் தாவணியில் என் அக்கா. முகத்தில் பாதியை நாயின் காது மறைத்திருக்கிறது. பிளஸ் டூ படிக்கப் பாலக்கோடு வரை பெண்பிள்ளை போய்வர வேண்டாம் என்று பத்தாம் வகுப்போடு அக்காவை நிறுத்திவிட்டார்கள். அக்கா மடியில் விரிந்திருப்பது என்னுடைய வரலாற்றுப் புத்தகம். அட்டையின் மூலையை மணி கடித்துக் குதறியிருந்ததால் அடையாளம் தப்பாது. கல்யாணத்துக்கு முன்பு அக்கா இருக்கும் ஒரே படம் இதுதான். புத்தகத்தை அக்கா எடுத்துப் படித்தது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை.

சென்ற வாரம் கிருஷ்ணகிரிக்குப் போய் அக்காவிடம் காட்டினேன். "நீ அந்தப் புத்தகத்தைத் தொடுவதற்குள் நான் இரண்டு முறை முடித்திருந்தேன்" என்றார். பிறகு நெடுநேரம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் எனக்கொரு பிரதி வேண்டும் என்று கேட்டார்.

தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறேன். அக்காவை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கித் தரவா என்று கேட்டார்கள். நாயும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.