கயலுக்கு, உன் பட்டியலைப் படித்த பிறகு

அன்பு மகள் கயலுக்கு,

புது கம்ப்யூட்டருக்காக நீ எழுதி அனுப்பிய பாகங்களின் பட்டியலை நிதானமாகப் படித்தேன். பகலில் வீடியோ எடிட்டிங், இரவில் கேம், இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர் என்று நீ எடுத்த முடிவு சரியானதுதான். பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து நீயே பூட்டப்போகிறாய் என்பதில் அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. என் மறுப்பு ஒன்றே ஒன்றுதான். உன் பட்டியல் கிராபிக்ஸ் கார்டில் தொடங்குகிறது. உன் கேமராவிலிருந்து வரும் ஃபைலில் தொடங்கியிருக்க வேண்டும்.

டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) முன்னும் பின்னும் இழுத்தால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று போன வாரம் போனில் சொன்னாய். பழைய ப்ராசஸருக்குச் சக்தி போதவில்லை என்று முடிவுகட்டி 16 கோர் (கணக்குப் போடும் பகுதி) கொண்ட ஏஎம்டி ரைசன் ப்ராசஸரை எழுதிவிட்டாய். அந்த முடிவுக்கு வருமுன் ஒரு வேலை செய்ம்மா. மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. உன் கேமரா ஃபைல் ஒன்றை அதில் திற. கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை, அங்கே ஃபார்மேட் என்று இருக்கும்), பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்கம்), குரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரத்தில் எவ்வளவு சேமித்தது) என்று மூன்று வரிகள் வரும். அங்கே ஹெச்.264 (ஏவிசி என்று காட்டும்), 8 பிட், 4:2:0 என்று இருந்தால் கவலையே இல்லை. இன்று விற்கும் எந்த கிராபிக்ஸ் கார்டும் அதை அலட்டிக்கொள்ளாமல் பிரித்துக் காட்டும். ஹெச்.265 (ஹெச்இவிசி என்று காட்டும்), 10 பிட், 4:2:2 என்று இருந்தால் உன் பட்டியலையே மாற்ற வேண்டியிருக்கும். நீ இப்போது வைத்திருக்கும் கேமராவைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். 4:2:2-இல் வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகும். நிறத்தின் விவரம் பாதியாகக் குறையும். 4:2:0-இல் நிறம் கால்வாசிதான் மிஞ்சும். கலர் கிரேடிங் (நிறங்களைத் திருத்துவது) செய்யும் உனக்கு 4:2:2 நல்லது, அதை விட்டுவிடாதே. ஆனால் ஹெச்.265 எல்லா ஃபிரேமையும் முழுசாகச் சேமிப்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒரு முழு ஃபிரேம் இருக்கும். நடுவில் உள்ளவற்றுக்கு அக்கம்பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டும் இருக்கும். அதனால்தான் ஃபைல் சின்னதாக இருக்கிறது. நீ டைம்லைனில் பின்னோக்கி இழுக்கும்போது, ஒரே ஒரு ஃபிரேமைக் காட்ட அந்தக் கணக்கையெல்லாம் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கென்றே சிப்பில் தனிச் சுற்று இருந்தால் நொடியில் முடியும். இல்லாவிட்டால் கோர்கள்தான் முட்டி மோத வேண்டும்.

அந்தத் தனிச் சுற்று எல்லாரிடமும் ஒரே மாதிரி இல்லை. இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், 11-ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் 4:2:2 ஹெச்.265-ஐத் தானே பிரிக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை அது கிடையாது. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். ரைசனுக்குள் இருக்கும் கிராபிக்ஸிலும் இல்லை. நீ எழுதியிருப்பது ரைசன் 9, கூடவே 40 வரிசைக் கார்டு. இரண்டுமே தரமான பாகங்கள், ஆனால் உன் ஃபைலைப் பிரிக்கத் தெரிந்த சுற்று இரண்டிலும் இல்லை. பணத்தைக் கொட்டிய பிறகும் அதே திக்கல் தொடர்ந்தால் உனக்கு மனசு விட்டுப்போகும். அதை நினைத்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வழி மூன்று இருக்கிறது. ரைசனை வைத்துக்கொண்டு கார்டை 50 வரிசைக்கு மாற்றலாம். அல்லது இன்டெல்லுக்குப் போகலாம். அப்படிப் போனால் பெயர் எஃப் எழுத்தில் முடியும் சிப்பை வாங்காதே, அதில் உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. கார்டைச் செருகியதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையில்) போய் அதைத் திறந்துவிட வேண்டும். மூன்றாவது வழி ப்ராக்ஸி, அதாவது எளிதில் ஓடும் தற்காலிக நகல். இரவில் ஃபைல்களை ப்ரோரெஸ் ப்ராக்ஸி என்ற, ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சேமிக்கும் வகைக்கு மாற்றப் போட்டுவிட்டு, காலையில் அதை வைத்து வெட்டி, கடைசியில் அசலோடு இணைப்பது. இதற்குப் புது கம்ப்யூட்டரே தேவையில்லை. நீ வாங்கும் வரை இதைச் செய்து பார், தூங்கும் நேரமாவது மிஞ்சும்.

என் விருப்பம் முதல் வழி. ரைசனுக்கான மதர்போர்டின் ஏஎம்5 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) 2022-இல் வந்தது; 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளைக்கு ப்ராசஸரை மட்டும் கழற்றி மாட்ட இடம் இருக்கும். இன்டெல் பக்கம் போவதாக இருந்தால் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் சிப்புகளை இரண்டாம் கையாக வாங்கவே வாங்காதே. அவற்றில் சிலவற்றுக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய்ச் சிப்பே தேய்ந்துபோனது. 2024-இல் இன்டெல் அதற்கான திருத்தத்தை பயாஸ் அப்டேட்டாக வெளியிட்டது. அது இனிமேல் வரும் தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது. பழைய சொந்தக்காரர் எப்போது அப்டேட் செய்தார் என்று யாருக்குத் தெரியும்?

இனி கேம். உன் நண்பர்கள் ரைசனில் கூடுதல் கேஷ் கொண்ட எக்ஸ்3டி வரிசைதான் வேண்டும் என்று சொல்வதாக எழுதியிருந்தாய். அவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 7 மில்லிசெகண்ட் கூட இல்லை. அதற்குள் ப்ராசஸர் கணக்கை முடிக்க வேண்டும். அந்த வேலையைப் பத்து கோர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது கடினம். ரைசன் 7 7800எக்ஸ்3டி 8 கோர்தான், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) வைத்திருக்கிறது. ரேமுக்கு ஓடாமலே தரவு கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் கேமில் பறக்கிறது. முடித்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் அந்த கேஷ் பெரிதாக உதவாது; அங்கே கோர் எண்ணிக்கைதான் பேசும். நீ விளையாடுவது 1440பி-யில், எல்லாக் காட்சி அமைப்பையும் உயர்த்தி வைத்து. அப்போது பெரும்பாலும் கார்டுதான் முதலில் மூச்சுவாங்கும், ப்ராசஸர் காத்திருக்கும். ஆகவே சாதாரண 12 அல்லது 16 கோர் சிப்பே உனக்குப் பொருந்தும் என்பது என் தீர்ப்பு. சம்பாத்தியம் எடிட்டிங்கில் வருகிறது, சந்தேகம் வந்தால் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்.

கார்டில் பெயரை மட்டும் பார்த்து வாங்காதே. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விற்கிறார்கள். 4கே டைம்லைனில் படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் கார்டின் மெமரியை விழுங்கிவிடும். மெமரி நிறைந்துவிட்டது என்று ரெண்டர் பாதியில் நின்றுவிடும். கொஞ்சம் மெதுவான கார்டோடு வாழலாம், மெமரி போதாத கார்டோடு வேலை செய்ய முடியாது. 16 ஜிபிக்குக் கீழே இறங்காதே.

இப்போது நீ ஒரே வரியில் முடித்த பவர் சப்ளைக்கு வருகிறேன். '750 வாட், கோல்டு' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எய்ட்டி ப்ளஸ் கோல்டு என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று; பாதி லோடில் சுமார் 90 சதவீதம். உள்ளே என்ன கெப்பாசிட்டர், ஷார்ட் ஆனால் உடனே அணையுமா என்பதைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்லாது. என் மேசைக்கு வந்த செத்த மதர்போர்டுகளில் பலவற்றின் பின்னால் ஒரு மலிவான பவர் சப்ளை இருந்தது. ஏடிஎக்ஸ் 3.1 தரத்தில் வந்ததை எடு. இன்றைய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வரை மின்சாரத்தை இழுக்கும். அதைத் தாங்கும்படி வகுத்த தரம் அது. உத்தரவாதம் 10 ஆண்டு கொடுக்கும் மாடல்கள் உண்டு, அதில் ஒன்றை எடுத்தால் இந்தக் கம்ப்யூட்டருக்கு அடுத்த கம்ப்யூட்டருக்கும் ஓடும்.

கேபிள் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளையின் கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றில் மற்றொன்று கச்சிதமாக உட்காரவும் செய்யும். ஆனால் பவர் சப்ளை பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. தெரிந்தவர் ஒருவர் பவர் சப்ளையை மட்டும் மாற்றினார், பழைய கேபிள்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று அப்படியே விட்டார். சுவிட்சைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க்குகள் கருகின, அத்தனை வருடப் புகைப்படங்களும் போயின. புதுப் பெட்டியில் வரும் கேபிளை மட்டுமே பயன்படுத்து, பழையதை வீட்டிலேயே வைக்காதே. கார்டுக்குப் போகும் அந்தச் சின்ன 12 வோல்ட் இணைப்பு 600 வாட் வரை கடத்தக்கூடியது. இடைவெளி தெரியாதபடி கடைசி வரை அழுத்து, முனைக்குப் பக்கத்திலேயே மடக்காதே. சரியாக உட்காராமல் உருகியவை உண்டு.

ரேம் 64 ஜிபி சரி. ஆனால் 16 ஜிபி நான்கு வேண்டாம், 32 ஜிபி இரண்டாக வாங்கு. டிடிஆர்5-இல் நான்கு ஸ்டிக் போட்டால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டிவரும். பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். பயாஸில் எக்ஸ்போ (ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) என்பதைத் திறக்காவிட்டால் 6000 என்று எழுதிய ரேம் 4800-இல் தூங்கும். முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயந்துபோய் அணைத்துவிடாதே.

எஸ்எஸ்டி டிஸ்க்கில் நீ பிசிஐஇ 5.0 (டிஸ்க் மதர்போர்டோடு பேசும் வழியின் வேகமான தலைமுறை) எழுதியிருக்கிறாய். நொடிக்கு 14,000 எம்பி என்ற எண் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் 4கே-யில் நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற உயர்தர வகையே நொடிக்கு 110 எம்பி அளவுதான் கேட்கிறது. வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை இடத்துக்குக் கொடு, ஏனென்றால் அதே ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 400 ஜிபி பிடிக்கும். விண்டோஸும் கேமும் ஒரு 4.0 டிஸ்க்கில், நடந்துகொண்டிருக்கும் ப்ராஜெக்ட் இன்னொன்றில். இரண்டும் ஒரு செல்லில் மூன்று பிட் சேமிக்கும் டிஎல்சி வகையாக இருக்கட்டும். நான்கு பிட் திணிக்கும் கியூஎல்சி மலிவு, ஆனால் ஒரு நாள் படப்பிடிப்பை மொத்தமாகக் காப்பி செய்யும்போது நடுவழியில் வேகம் சரிந்துவிடும். இரண்டாவது டிஸ்க்கை மாட்டுமுன் மதர்போர்டு கையேட்டைப் படி, இந்த டிஸ்க்கை மாட்டும் எம்.2 ஸ்லாட்டுகளில் சில, கார்டின் லேனையோ (தரவு போகும் பாதை) ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா போர்ட்டையோ பறித்துக்கொள்ளும். முடிந்த வேலைக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க், அதன் பிரதி இன்னொன்றில், மூன்றாவது பிரதி வேறு கட்டடத்தில். இதில் சிக்கனம் பார்க்காதே கண்ணு, நீ படம்பிடிக்கும் ஆட்களின் நினைவுகள் உன் கையில் இருக்கின்றன.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும், காற்று அங்கேதான் உள்ளே வர வேண்டும். கூலரின் உயரமும் கார்டின் நீளமும் அதில் அடங்குமா என்று அளந்து பார். மின்னும் விளக்குகளுக்குக் கூடுதல் பணம் வேண்டாம். கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறக்காதே. மானிட்டரை ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத திரை வகை) ஆக, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பை முழுவதும் காட்டுவதாக எடு. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகு. விண்டோஸில் போய் 144 ஹெர்ட்ஸை நீயே தேர்ந்தெடு, தானாக 60-இல் நின்றிருக்கும்.

எல்லாம் பூட்டியதும் உடனே விளையாட உட்காராதே. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி முழுக்க ஓட விடு. ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடு. திருப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய். பிறகு ஒரு நீளமான எக்ஸ்போர்ட் போட்டு, ப்ராசஸர் சூடு எங்கே நிற்கிறது என்று பார்.

கேபினெட், பவர் சப்ளை, மானிட்டர், ரேம் நான்கையும் இப்போதே வாங்கலாம். ப்ராசஸர், மதர்போர்டு, கார்டு மூன்றையும் நிறுத்தி வை. மீடியாஇன்ஃபோ காட்டும் அந்த மூன்று வரிகளை எனக்கு அனுப்பு. கேமராவில் வேறு ரெக்கார்டிங் மோடிலும் எடுக்கிறாய் என்றால் அதிலிருந்தும் ஒரு ஃபைல் திறந்து பார்த்துச் சேர்த்து அனுப்பு. பார்த்துவிட்டு அந்த மூன்று பாகங்களையும் நானே எழுதித் தருகிறேன். பூட்டும் நாளை ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொள், வீடியோ காலில் பக்கத்திலேயே இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா