குனியாமல் பேச ஒரு மேசை

அரசு அலுவலகக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தருபவர்களுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் என் தந்தையை ஒரு சான்றிதழுக்காகப் புதிதாகத் திறந்த அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். கவுன்டரில் கூரை வரை கண்ணாடி. பேசுவதற்கு அதில் ஒரு துளை. உள்ளே அமர்ந்திருப்பவரின் வாய்க்கு அது சரியான உயரம். வெளியே நிற்பவருக்கோ வயிற்றுக்கு நேராக இருக்கிறது. அப்பாவுக்குக் காது மந்தம். இடுப்பை மடித்துத் துளையில் காதை வைத்தார், கேள்வி கேட்டது. பதில் சொல்ல முகத்தைத் திருப்பினார். அடுத்த கேள்வி கேட்கவில்லை. காதா, வாயா என்று தலையை மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த அம்மையார் மீது எனக்குக் குறையில்லை. நாள் முழுவதும் கத்தி அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு மேசை, இரு பக்கமும் ஒரே உயரத்தில் நாற்காலி.

கண்ணாடி என்றால் வெளிப்படைத்தன்மை என்பீர்கள். பெர்லினில் 1999இல் புதுப்பித்துத் திறந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் அமைத்ததும் கண்ணாடிக் குவிமாடம்தான். மக்கள் அதனுள் ஏறி நின்று, கீழே உறுப்பினர்கள் கூடும் அவையைப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1988இல் திறந்த நாடாளுமன்றத்தின் கூரை மீது புல்வெளி. பிரதிநிதிகளின் தலைக்கு மேல் மக்கள் நடக்கட்டும் என்று அமைத்தது. (2017இல் பாதுகாப்பு என்று சொல்லி அங்கும் வேலி போட்டுவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் எல்லா அரசுகளும் உறவுக்காரர்கள்.) நாங்கள் யார் தலைக்கு மேலும் நடக்க ஆசைப்படவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறோம்.

கோயிலைப் போல் தூண்கள், ஏறினால் மூச்சு வாங்கும் படிக்கட்டு, சக்கர நாற்காலிக்கான சாய்தளமோ கொல்லைப்புறத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். திறப்பு விழாக் கல்வெட்டை மட்டும் யாரும் குனியாமல் படிக்கும்படி கண்ணுக்கு நேராகப் பதித்திருக்கிறீர்கள். ஆக, உயரம் அளக்கத் தெரியாமல் இல்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் மேசை வராது என்று தெரியும். எங்கள் பக்கம் ஒரு நாற்காலியும், அதில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக ஒரு துளையுமாவது அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன்